ஒரு தடவை கூப்பிட்ட குரல்

கம்பிப்பாலத் தோட்டத்தில் குணசுந்தரியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவள் புருஷன் அப்பளசாமி. முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவருக்கு மரத்துப் போயிருந்தது. இன்னொருவன் மகன் யோகேஸ்வரன். அவன் அவள் வயிற்றில் பிறந்தவன், அவனுக்கு என்ன பயம்! மற்றபடி வேலை வாங்குகிற மண்டோர், மளிகைக்கடைக்காரர், கோயில் தலைவர் என்று எல்லோரும் அவளைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கித்தான் நடப்பார்கள். கெட்டவள் இல்லை. மனசில் பட்டதை வாய்க்குள் அடக்கி வைக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

கோலா கெத்தில் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது தோட்டம். பாதியைச் செம்பனையாக மாற்றிவிட்டார்கள். மீதிப் பாதியில் இன்னும் ரப்பர் நிற்கிறது. கல்யாணமாகி வந்த வாரத்திலிருந்து குணசுந்தரி அந்த மரங்களைத்தான் வெட்டுகிறாள். பால் வெட்டுக்கு விடியுமுன் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு நிரையில் பிரிந்து போவார்கள். பக்கத்து நிரையில் ஆள் இருக்கிறதா, பாம்பு கீம்பு கடித்து விழுந்து கிடக்கிறதா என்பதெல்லாம் குரலை வைத்துத்தான் தெரியும். குணசுந்தரியின் குரல் நாலு நிரை தாண்டிக் கேட்கும். அதற்காகவே புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் அவளுக்குப் பக்கத்து நிரையைக் கேட்டு வாங்குவார்கள்.

யோகேஸ்வரன் அவளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்தவன். குறைமாசம். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்ததால் "சிட்டு" என்று கூப்பிட ஆரம்பித்தாள். பையன் வளர்ந்து ஆறடிக்கு நின்றபோதும் அவளுக்குச் சிட்டுதான். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அவன் முறைத்துக்கொண்டான். "அம்மா, என் ஃபிரெண்ட்ஸ் முன்னாடி இன்னொரு தடவ சிட்டுன்னு கூப்பிட்டே, நான் வீட்டுக்கே வர மாட்டேன், சொல்லிட்டேன்!" அன்றிலிருந்து அந்தப் பேர் வீட்டுச் சுவருக்குள் தங்கிவிட்டது. அப்பளசாமிக்கும் அவளுக்கும் தவிர அது யாருக்கும் தெரியாது.

படிப்பு முடிந்து கூலிம் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலைக்குப் போனான். கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இறக்கிவிடும். அந்த வேலை அவனுக்குப் பிடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கணினிச் சில்லைக் கண்ணாடிக்குள் பார்த்துப் பார்த்துத் தலை வலிக்குது என்றான். பிறகு எங்கேயோ விசாரித்து ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தான். சிறு விமானத்தில் பறந்து நிலத்தைப் படம் எடுக்கிற கம்பெனி. எந்தத் தோட்டத்தில் எத்தனை மரம் செத்திருக்கிறது, எந்த மலையில் மண் சரிந்திருக்கிறது என்று மேலே இருந்து படம் எடுத்து விற்பார்கள். விமானத்தை ஓட்டுவது ஒரு கேப்டன். கேமராவைப் பார்த்துக்கொள்வது யோகேஸ்வரன்.

விமானத்தின் படத்தைப் போனில் பார்த்துவிட்டுக் குணசுந்தரி ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தாள்.

"இது பிளேனா? நம்ம முனியாண்டி கோயில் தேரு இதவிடப் பெருசா இருக்கும்! ஒரே ஒரு காத்தாடி! அது நின்னு போச்சுன்னா என்னடா செய்வே?"

"நின்னா மெதுவா எறங்கலாம்மா. மழை மேகத்துக்குள்ள மாட்டாம இருந்தா போதும்லா. கேப்டன் ரொம்ப கெட்டி."

"மேகத்துக்குள்ள மாட்டுனா?"

"மாட்ட மாட்டோம்."

ஒருநாள் அந்த விமானம் தோட்டத்துக்கு மேலேயே பறந்தது. பிற்பகலில், மரத்தில் உறைந்து நின்ற ஒட்டுப்பால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த குணசுந்தரி மூட்டையைப் போட்டுவிட்டு ஆகாயத்தைப் பார்த்து, "கீழ எறங்கி வாடா, சோறு திங்காம எங்க போற!" என்று கத்தினாள். மேலே கேட்டிருக்காது. தோட்டம் முழுக்கக் கேட்டது. அன்றைக்குச் சிரித்தவர்களெல்லாம் இப்போது அந்தச் சிரிப்பை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

வருஷக் கடைசி மழை தொடங்கியிருந்தது. பாலிங் பக்கத்து எல்லை மலைகளில் மண்சரிவைப் படம் எடுக்கிற வேலை. காலை முழுக்க மேகம் விலகக் காத்திருந்து, கொஞ்சம் வெளுத்ததும் கிளம்பியிருக்கிறார்கள். மலைக்குள் போனதும் பின்னால் மேகம் மூடிக்கொண்டது. திரும்பி வருகிறோம் என்று கேப்டன் ரேடியோவில் சொன்னதோடு சரி. பிறகு சத்தமில்லை.

அவளுக்கு விஷயம் சொன்னது கம்பெனியிலிருந்து பேசிய ஒரு பெண். "ஆன்ட்டி, பதட்டப்படாதீங்க" என்றுதான் ஆரம்பித்தாள். பதட்டப்படாதீங்க என்று சொன்ன பிறகு எந்தத் தாய் பதட்டப்படாமல் இருப்பாள்? அப்பளசாமி பக்கத்து வீட்டுக்காரரின் காரை வாங்கிக்கொண்டு பாலிங்குக்கு ஓட்டினார். வழி நெடுக மழை.

மலையடிவாரத்தில் மலாய்க்காரர் கிராமமான கம்பம் ஒன்றின் பொது மண்டபத்தைத் தேடுதல் நிலையமாக்கி இருந்தார்கள். தீயணைப்புக்காரர்கள், போலீஸ், ராணுவம், பொதுத் தற்காப்புப் படை, ஊர் ஆட்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. விழுந்த இடத்திலிருந்து தானாகச் சமிக்ஞை அனுப்புகிற கருவி ஒன்று விமானத்தில் உண்டாம். அது அனுப்பியது ஒரு தடவை கிடைத்து, பிறகு அறுந்துவிட்டது. மலை மடிப்புகளுக்குள் எந்த மடிப்பு என்று சொல்ல முடியவில்லை. மேகம் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்ததால் ஹெலிகாப்டர் எழும்ப வழியில்லை. கால்நடையாகத்தான் ஏற வேண்டும் என்றார்கள்.

அப்பளசாமி பாராங் கத்தியோடு நேராகக் காட்டைப் பார்த்து நடந்தார். அதிகாரி ஒருவர் ஓடி வந்து மறித்தார். பதிந்துகொள்ளாமல் யாரும் ஏறக்கூடாது, தனியாக ஏறக்கூடாது, விசில் ஊதினால் அந்த இடத்திலேயே திரும்ப வேண்டும் என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். "தேடப் போனவரைத் தேட இன்னொரு கூட்டத்தை அனுப்ப என்னிடம் ஆள் இல்லை, அப்பா" என்றார். அப்பளசாமி கத்தியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கேதான் ஜக்கரியா வந்தான். பாலிங் டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிற தமிழ் முஸ்லிம், நாற்பது வயசிருக்கும். பொதுத் தற்காப்புப் படையில் தொண்டூழியன். மண்டபத்துக்குச் சோறு கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஆரஞ்சு உடுப்பை மாட்டிக்கொண்டு ஏறப் போகிற முதல் குழுவில் நின்றான். அந்தக் குழுவில் தமிழ் பேசுகிறவன் அவன் ஒருவன்தான்.

"அக்கா, சாபார் லா, பொறுமையா இருங்க. நாங்க போறோம்ல, பாத்துக்குவோம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அடிபட்டுக் கெடக்குற ஆளுக்கு மயக்கமா இருக்கும். வெளிப் பேரச் சொன்னா சில நேரம் பதில் வராது. வீட்டுப் பேரச் சொன்னா எங்கிருந்தாலும் காதுல ஏறும்னு எங்களுக்குப் பயிற்சியில சொல்லியிருக்காங்க. வீட்ல தம்பிய எப்படிக் கூப்பிடுவீங்க?"

குணசுந்தரிக்கு அந்த நேரத்திலும் மகன் முறைத்த முறைப்பு ஞாபகம் வந்தது. கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும், உயிரோடு வந்து கோபிக்கட்டும்.

"சிட்டு" என்றாள். "சிட்டுன்னு கூப்பிடுங்க பாய். நல்லா சத்தமாக் கூப்பிடுங்க."

அவர்கள் போனார்கள். மழை விட்டு விட்டு அடித்தது. பிற்பகலில் வானம் இருண்டு கொட்ட ஆரம்பித்தது. பொழுது சாயுமுன்பே குழு வெறுங்கையோடு இறங்கி வந்ததும் குணசுந்தரி எழுந்து போய் அவர்களை மறித்து நின்றாள்.

"மழைக்குப் பயந்துக்கிட்டா வந்தீங்க? நீங்கள்லாம் ஆம்பளைங்களா? எம்புள்ள அங்க நனைஞ்சுக்கிட்டு கெடப்பான், நீங்க இங்க வந்து சூடா தே ஓ குடிக்கிறீங்களா! அடப்பாவிகளா, வெளிச்சம் இன்னும் இருக்கேடா!"

தமிழ் தெரியாதவர்களுக்கும் புரிந்தது. ஜக்கரியா முழங்கால்வரை சேற்றோடு நின்று தலையைக் குனிந்துகொண்டான். மலைக்கு ஏறுகிற வழியில் குறுக்கே ஓடுகிற ஆற்றில் தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் குச்சியுமாக வர ஆரம்பித்திருக்கிறது. மேலே மலையில் பெய்த மழை மொத்தமாகத் திரண்டு இறங்கப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மலாயில் கெப்பாலா ஆயர், தண்ணீர்த் தலை என்பார்கள். பாலிங்காரர்களுக்கு அந்தப் பேரைச் சொன்னாலே போதும். குழுத் தலைவர் விசில் ஊதிவிட்டார். அவர்களில் கடைசி ஆளும் மரப்பாலத்தைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் பாலமே போய்விட்டது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் அத்தனை பேரையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

மறுநாள் முழுக்க ஆறு இறங்கவில்லை. அக்கரைக்கு யாரும் போக முடியவில்லை. கயிறு கட்டிப் பார்த்தார்கள், ஒரு ராணுவப் பையன் விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். குணசுந்தரி மண்டபத்துத் தூணில் சாய்ந்தபடி மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாத தெய்வமில்லை. உயிர் ஒன்றை மட்டும் கொடு, கை கால் இல்லாமல் போனாலும் நான் தூக்கி வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று முனியாண்டியிடம் பேரம் பேசினாள்.

அதற்கும் மறுநாள் காலை வானம் பளிச்சென்று வெளுத்தது. ஹெலிகாப்டர் ஏறிய உடனேயே விமானத்தின் வால் தெரிந்துவிட்டது. கேப்டன் இருக்கையிலேயே இறந்திருந்தார். யோகேஸ்வரன் கொஞ்சம் கீழே, ஒரு பெரிய மரத்தின் வேர்களுக்கு நடுவே, உடைந்த இறக்கைக்கு அடியில் கால் மாட்டிக் கிடந்தான். உயிர் இருந்தது.

உயிர் இருக்கு என்று மண்டபத்தில் யாரோ கத்தியதும் குணசுந்தரி தரையில் விழுந்து கும்பிட்டாள். கண்ணில் பட்ட காலையெல்லாம் தொட்டாள், முதல் நாள் அவள் வைத குழுத் தலைவரின் காலையும் சேர்த்து. கும்பிட்ட தெய்வமெல்லாம் கண் திறந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், தமிழ்ப் பெண், அப்பளசாமியையும் அவளையும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். இடுப்புக்குக் கீழே நசுங்கியிருந்த இடத்திலிருந்து விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது என்றாள். முடிந்ததைச் செய்கிறோம் என்றாள். அப்பளசாமி கையைக் கூப்பினார்.

"ஏதாச்சும் செய்யுங்கம்மா. ஒத்தப் புள்ள."

"மொத நாளே கெடச்சிருந்தா கால எடுத்துட்டாவது உயிரக் காப்பாத்தியிருப்போம், அங்கிள்" என்றாள் அந்தப் பெண். சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கியது.

அப்பளசாமி கையெழுத்துப் போட வெளியே போனார். குணசுந்தரி மகன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கண் விழித்திருந்தான். முகம் வீங்கியிருந்தாலும் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

"என்னம்மா, கத்தாம இருக்கே?"

"ஆஸ்பத்திரியில கத்தக் கூடாதாம்யா."

சிரித்தான். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. அவள் முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

"ரொம்ப வலிச்சுச்சா?"

"மொதல்ல வலிச்சுச்சு. அப்புறம் ஒண்ணும் தெரியல. ஆனா ஒண்ணும்மா..." குரலைத் தாழ்த்திக்கொண்டான். ரகசியம் சொல்லுகிற பாவனை. "அந்தக் காட்டுல ஏதோ இருக்கும்மா. மொத நாளு, மழை ஊத்துது, என்னய யாரோ கூப்பிட்டாங்க."

"யாருய்யா?"

"தெரியல. ஆம்பளக் கொரலு. சிட்டூன்னு. ஒரே ஒரு தடவ. எனக்கு முடியெல்லாம் நட்டுக்கிச்சு. அந்தக் காட்டுல எவனுக்கும்மா தெரியும் அந்தப் பேரு? உனக்கும் அப்பாவுக்கும்தானே தெரியும்? ஒடனே நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. இன்னொரு தடவ கூப்பிடுதான்னு காத கூர்மையா வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். கூப்பிடல. மழைதான் கேட்டுச்சு. நான் வாயே தொறக்கலம்மா. பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

குணசுந்தரிக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. விளங்கியபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பால் வெட்டுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. இருட்டில் நிரைக்குள் யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்கக்கூடாது. மனுஷன் என்றால் மூன்று தடவை கூப்பிடுவான். காட்டில் இருக்கிறது ஒரு தடவைதான் கூப்பிடும். பதில் கொடுத்தவன் குரல் போன பக்கமே போய்விடுவான், திரும்பி வரமாட்டான். மலாய்க்காரர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வார்கள். தோட்டத்தில் ஒருவரை ஒருவர் மூன்று தடவை கூப்பிட்டுப் பழகியதால் அங்கே அதனால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை.

யோகேஸ்வரன் சின்னவனாக இருந்தபோது விட்டுவிட்டு வர ஆளில்லாமல் அவனையும் இருட்டோடு நிரைக்குத் தூக்கிப் போவாள். பால் வடிகிற மங்குகளை எடுத்துக் கவிழ்த்துத் துடைத்துக் கொடுப்பான். வாயாடிப் பிள்ளை. ஆந்தை கத்தினாலும் "என்ன?" என்று பதில் சொல்வான். ஒருநாள் எதையோ கேட்டு, "வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பள்ளத்துப் பக்கம் நடந்துவிட்டான். விளிம்பில் போய்ப் பிடித்தாள். அன்றைக்குப் பயத்தில் முதுகில் வைத்த அடியில் அவளுக்கே கை வலித்தது. அவனைக் கோயில் வாசலில் நிறுத்தி, சூடத்தின் மேல் அடித்துச் சத்தியம் வாங்கினாள். மூன்றாவது தடவைக்குத்தான் வாய் திறப்பேன் என்று அவன் அழுதுகொண்டே சொன்னான்.

அந்தச் சத்தியத்தைத்தான் காப்பாற்றியிருக்கிறான். பெற்றவள் பேச்சை எதிலும் கேட்காத பிள்ளை, இதில் மட்டும் கேட்டிருக்கிறான்.

"பதில் குடுத்திருந்தா என்னயக் கொண்டு போயிருக்கும்ல? நல்லவேள. சரியாத்தானேம்மா செஞ்சேன்?"

மனசில் பட்டதை வாய்க்குள் வைக்கத் தெரியாதவள் என்று ஊரே சொல்லும் அவளை. நெஞ்சுக்குள் ஒன்று கதறிக்கொண்டிருந்தது. ஐயோ, அது மனுஷன்டா, உன்னைத் தேடி வந்தவன்டா, நான்தானடா அந்தப் பேரைச் சொல்லி அனுப்பினேன் என்று. அதை அப்படியே விழுங்கினாள்.

"சரியாச் செஞ்சய்யா" என்றாள். "ரொம்பச் சரியாச் செஞ்சே. என் தங்கம்."

அவன் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டான். அன்று மாலை போய்விட்டான்.

காரியங்கள் எல்லாம் நடந்து முடிந்தன. குணசுந்தரி அழவில்லை. ஒப்பாரி வைத்த பெண்கள் அவளைக் கட்டிப் பிடித்து உலுக்கிப் பார்த்தார்கள். மரம் மாதிரி இருந்தாள். கருமாதி முடிந்து வேலைக்குத் திரும்பியபோதும் அவள் நிரையிலிருந்து சத்தம் வரவில்லை. பக்கத்து நிரைப் பெண்கள் நடுவில் நடுவில் பயந்து போய் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிள்ளைத் துக்கம், ஆறட்டும் என்று மண்டோர்கூட ஒன்றும் சொல்லவில்லை.

அப்பளசாமியிடம் சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்தாள். மனுஷன் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு பிசைந்துகொண்டே இருப்பார். "அந்தத் தண்ணி மட்டும் வராம இருந்திருந்தா..." என்பார். தண்ணீரையாவது வைது கொஞ்சம் மனசாறுகிறாரே, அதையும் ஏன் பிடுங்க வேண்டும் என்று பேசாமல் இருந்துவிடுவாள். அந்த உண்மையை அவளால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜக்கரியா வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். ஆரஞ்சு உடுப்பைப் போட்டிருந்தாலும் பொத்தான் மாட்டவில்லை. அப்பளசாமி கோயிலுக்குப் போயிருந்த நேரம். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"அக்கா, ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். சொல்லலன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும். தம்பியக் கண்டுபுடிச்ச எடத்த மேப்புல காட்டுனாங்க. மொத நாளு நான் அதுக்கு நேர் கீழ நின்னேன்கா. அங்க நின்னு கூப்பிட்டேன், நீங்க சொன்ன பேரச் சொல்லி. ஒரு தடவ கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட வாயத் தொறக்குறேன், விசில் ஊதிட்டாங்க. திரும்பிட்டேன். இன்னொரு தடவ கூப்பிட்டிருக்கலாம். ஒரு மூச்சு நேரம்கா! யா அல்லா, ஒரு மூச்சு நேரம் நின்னிருந்தா தம்பி பதில் கொடுத்திருக்குமோ என்னவோ... கண்ண மூடுனா அந்த எடம்தான் வருது."

குணசுந்தரி அவனைப் பார்த்தாள். கடையையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு யாரோ பெற்ற பிள்ளைக்காக மழையில் ஏறியவன். கொஞ்சம் பிசகியிருந்தால் அவன் வீட்டிலும் எழவு விழுந்திருக்கும். இவன் எதற்கு உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்க வேண்டும்? கட்டிலுக்குப் பக்கத்தில் சொன்ன பொய்க்குப் பிறகு இன்னொரு பொய் சுலபமாகவே வந்தது.

"அவன் காதுல ஒண்ணும் விழலியாம் தம்பி. எங்கிட்ட சொன்னான். அன்னிக்குப் பூரா மயக்கமாத்தான் கெடந்தானாம். நீங்க நூறு தடவ கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது."

"நெசமாவாக்கா?"

"நெசமாத்தான்."

ஜக்கரியா நாற்காலியில் விழுந்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். குணசுந்தரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பொத்தானை ஒவ்வொன்றாக மாட்டினான்.

"இனிமே படையே வேணாம்னு எழுதிக் கொடுக்கத்தான் இருந்தேன்கா. காலையில போன் வந்துச்சு. கூப்பாங் பக்கத்துத் தோட்டத்துல ஒரு பெரியவரு நேத்து பெத்தாய்க் காய் பறிக்கக் காட்டுக்குள்ள போனவரு, இன்னும் வரல. நம்ம ஆளு, வயசானவரு, பழைய பால்வெட்டுக்காரராம். விடிஞ்சதுலேர்ந்து எங்க பசங்க கூப்பிட்டுக்கிட்டே போறாங்களாம், ஒரு எடத்துலயும் பதில் இல்ல. நான் போக மாட்டேன்னுதான் சொல்லிட்டு இங்க வந்தேன். இப்பப் போறேன்கா. நீங்க சொன்ன வார்த்தைக்கு அல்லா உங்களுக்கு நல்லது செய்வான்."

மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். ஹெல்மெட்டை மாட்டினான். குணசுந்தரி வாசலில் நின்றாள். பேசாமல் இருந்தால் இவன் நிம்மதியாகப் போய்விடுவான். பேசாமல் இருந்தால் அங்கே ஒரு பெரியவர், பழைய பால்வெட்டுக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கும். அதுகளும் ஏதோ ஒரு மண்டபத்தில் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

"தம்பி!" என்றாள். ஓடிப்போய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "நின்ன எடத்துலயே நின்னு மூணு தடவ கூப்பிடுங்க. நடந்துக்கிட்டே ஒரு தடவ கூப்பிட்டுட்டுத் தாண்டிப் போயிடாதீங்க. ஒரு தடவ கூப்பிட்டா எங்க ஆளுங்க பதில் குடுக்க மாட்டாங்க. உசுரு போனாலும் குடுக்க மாட்டாங்க."

ஜக்கரியா எஞ்சினை நிறுத்தினான். பாலிங்கில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஹெல்மெட்டுக்குள் அவன் கண் மாறுவதைக் குணசுந்தரி பார்த்தாள்.

"அக்கா... அன்னிக்கு நான் கூப்பிட்டத தம்பி கேட்டுச்சா?"

அவள் கைப்பிடியை விடவில்லை. இனி மறைத்துப் பயனில்லை.

"கேட்டான்யா. ஒங்க கொரலு நல்லாப் போய்ச் சேந்துச்சு. நான் சொல்லி வளத்த சொல்லுதான் அவன் வாயக் கட்டிப் போட்டுச்சு. அந்தப் பேரு நாந்தான் ஒங்களுக்குக் குடுத்தேன், பேசாதன்னும் நாந்தான் அவனுக்குச் சொன்னேன். இதுல ஒங்க தப்பு ஒரு துளி இல்ல. போங்க. அங்க ஒருத்தரு காத்துக்கிட்டு இருப்பாரு. போங்க தம்பி!"

அவன் எஞ்சினைக் கிளப்பினான். வண்டி போன பிறகும் புகை கொஞ்ச நேரம் வாசலில் நின்றது.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் போன் அடித்தது. அப்பளசாமி வாசலில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குணசுந்தரி எடுத்தாள். அந்தப் பக்கம் ஜக்கரியா, பின்னால் யாரார் சத்தமோ, சிரிப்போ அழுகையோ தெரியாத குரல்.

"கெடச்சிட்டாருக்கா! உசுரோட! கால் சுளுக்கு, வேற ஒண்ணுமில்ல. காலையில எங்க பசங்க தாண்டிப் போன அதே எடம்கா. மொத தடவ கூப்பிட்டேன், சத்தமில்ல. ரெண்டாவது தடவ, சத்தமில்ல. மூணாவது தடவ கூப்பிட்டேன், 'இங்க இருக்கேன்யா'ன்னு பதில் வந்துச்சுக்கா. கையெட்டுற தூரத்துல இருந்து வந்துச்சு!"

"நல்லது தம்பி" என்றாள் குணசுந்தரி. "நல்லது. அவருக்குச் சூடா ஏதாச்சும் குடிக்கக் குடுங்க."

போனை வைத்தாள். அப்பளசாமி திரும்பிப் பார்த்து, "யாரு? என்னாவாம்?" என்றார்.

"கூப்பாங்ல காணாமப் போன பெரியவரு கெடச்சிட்டாராம்."

"அப்படியா! யாரு செஞ்ச புண்ணியமோ. எப்படிக் கெடச்சாராம்?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இத்தனை நாளும் அவளுக்கு ஒரு சின்னச் சந்தேகம் மிச்சம் இருந்தது. மூன்று தடவை கூப்பிட்டிருந்தாலும் மழையில் மகன் குரல் வெளியே கேட்டிருக்காதோ, வாயெடுக்கத் தெம்பு இருந்திருக்காதோ என்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் போய்விட்டது. மூன்றாவது தடவைக்கு அவன் பதில் கொடுத்திருப்பான். கட்டாயம் கொடுத்திருப்பான். சத்தியம் செய்த பிள்ளை.

மகன் செத்த நாளில் வராத அழுகை அப்போது வந்தது. அப்பளசாமி பதறி எழுந்து வந்து பிடிப்பதற்குள் குணசுந்தரி தரையில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு, தோட்டமே ஓடிவரும்படி கதறினாள்.